மூன்று குடம் காலி

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம்.
கிருஷ்ணகிரி பழையபேட்டையில்
அமானுல்லா கண்ணாடி அறுத்து ஒட்டிக் கொடுத்து
ஐந்து பேர் மூச்சுப் பிடித்து மாடி ஏற்றிய தொட்டி.
அறுநூற்று எண்பது லிட்டர்.
உள்ளே இரண்டு ஆஸ்கர் மீன்.
லோகிதா பெயர் வைத்திருக்கிறாள்,
எனக்கு மட்டும் சொல்ல மாட்டாளாம்.

கீழே, ஸ்டாண்டுக்குள், சம்ப்.
மேலே வழிவதை வாங்கிக்கொண்டு
பஞ்சிலும் கல்லிலும் அழுக்கைக் கழற்றி
மோட்டாரிடம் திருப்பிக் கொடுக்கும் சின்னத் தொட்டி.
எத்தனை அடி வேணும் என்றார் அமானுல்லா.
இரண்டு போதும் என்றேன்.
மிச்ச இடம் நாகவேணியின் அரிசி டின்னுக்கு,
வீட்டில் பேசி முடித்த ஒப்பந்தம்.

விளிம்பு வரை நிரப்பினேன்.
குறைவாய் இருந்தால்தானே குற்றம்,
நிறைந்திருப்பதில் என்ன?

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது:
நான் மின்வாரியத்தில் ஒயர்மேன்.
எந்தத் தெரு எந்தக் கிழமை
எத்தனை மணிக்கு இருளும் என்று
பேப்பரில் வருமுன் எனக்குத் தெரியும்.

அந்தப் புதன்கிழமை, காலை ஒன்பது.
ராயக்கோட்டை சாலையில்
ஏ.பி. ஸ்விட்சின் கைப்பிடியைக்
கீழே இழுத்தவன் நான்தான்.
தடால் என்று ஒரு சத்தம் வரும்,
எனக்கு ரொம்பப் பிடித்த சத்தம்.
கம்பத்தில் பாதி ஏறியிருந்தேன், போன்.
"ஹால் முழுக்கத் தண்ணி.
கரண்டும் இல்ல,
எவன் புடுங்கினான்னு தெரியல."

கொஞ்ச நேரம் நான் பேசவில்லை.
கையில் ரப்பர் உறை, கீழே மாங்காய் லாரிகள்.

கீழ்வீட்டுச் சாக்கப்பாவின் தையல் மேசையில்
பள்ளிச் சீருடைத் துணி
ஒரு கட்டு நனைந்துபோயிருந்தது.
அவர் ஒன்றும் கேட்கவில்லை.
அண்ணாந்து விட்டத்தை மட்டும் பார்த்தார்.

ராத்திரி, துடைத்த தரையில்,
நாகவேணி குந்தி உட்கார்ந்து
சாக்பீஸால் கணக்குப் போட்டாள்.
வழியும் வாய்க்கு மேலே நிற்கிற தண்ணீர்
ஒன்றரை அங்குலம்.
மோட்டார் ஓடும்வரைதான் அது மேலே.
ஆறுக்கு இரண்டு பரப்பில் நாற்பத்திரண்டு லிட்டர்.
குழாய்க்குள் இருப்பது தனி.
மேலே ஏற்றும் குழாயின் வாய் முங்கிக் கிடந்தால்
நின்ற பிறகும் அது உறிஞ்சி இறக்கும்.
நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே
அதில் ஒரு சின்ன ஓட்டை,
காற்று புகுந்தால் அடங்கிவிடும்.

எழுந்து போய்
சமையலறைக் குடங்களைப் பார்த்துவிட்டு வந்தாள்.
"மூணு குடம்.
சம்ப்புல எப்பவும் மூணு குடம் காலியா கெடக்கணும்.
நீ மீனைப் பாத்து அளந்துட்ட.
கரண்டு போறதைப் பாத்து அளக்கணும்.
வேற யாராவது மறந்தா பரவால்ல,
நீ மறக்கலாமா?"

அரிசி டின் அன்றைக்கே கட்டிலுக்கடியில் போனது.
புது சம்ப் மூன்றரை அடி,
நூற்றைம்பது லிட்டருக்குக் கொஞ்சம் மேல்.
"ஈ.பி.காரர் வீட்லயே கரண்டு கட்டா"
என்று சிரித்தபடி
கண்ணாடிக் காசு மட்டும் வாங்கினார் அமானுல்லா.
பாதி உயரத்தில்
லோகிதா நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்தாள்.
ஓடும்போது தண்ணீர் அதைத் தாண்டக் கூடாது.
கோட்டுக்கு மேலே வெறும் கண்ணாடி.
பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள்,
ஏன் பாதியிலேயே விட்டுட்டீங்க.

ஞாயிறு இரவு மெயினை நானே அணைத்தேன்.
மூன்று பேர், ஒரு டார்ச்.
குழாயில் கடகடவென்று இறங்கி
நகப்பூச்சுக் கோட்டை மூழ்கடித்து
ஏறியது, ஏறியது,
லோகிதா என் சட்டையைப் பிடித்தாள்,
ஓட்டையில் காற்று நுழைந்து
ஒருமுறை கொப்பளித்தது.
பிறகு சத்தமில்லை.
விளிம்புக்கு நான்கு விரல் கீழே
நின்றிருந்தது தண்ணீர்.

டார்ச்சை மேலே திருப்பினேன்.
இரண்டும் அசையாமல் எங்களைப் பார்த்தன.
"ஃபியூஸ் பயப்படவே இல்லப்பா" என்றாள்.

அப்படித்தான் ஒன்றின் பெயர் தெரிந்தது.
மற்றதை இன்னும் சொல்லவில்லை.